தடை முடிஞ்ச முதல் வாரமே குஞ்சு மீன் வருதே, 61 நாள் ஓய்வு யாருக்குப் போய்ச் சேருது?

கூடுதாழை எழுதியது:

ஜூன் 14 ராத்திரியோட மீன்பிடித் தடைக்காலம் முடியுது. 15 விடியக்காலம் விசைப்படகெல்லாம் இறங்குது. முதல் ரெண்டு மூணு நாள் மீன்பாடு கரைகொள்ளாம வரும். கடல் தேறிட்டுன்னு எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அந்தக் குவியலுக்குள்ள கையை விட்டுப் பாருங்க. விரல் நீளக் காரல், அதைவிடச் சின்ன நவரை, உள்ளங்கைக்குள்ள அடங்குற விளமீன், ஒரு சாண் கூட வளராத சுறாக்குஞ்சு. இதை யாரும் சட்டிக்கு வாங்குறதில்ல. ஐஸ் கூடப் போடாம லாரியில ஏத்தி மீன் தூள் ஆலைக்கு அனுப்புறாங்க. ஒரு கிலோ தூளுக்கு நாலஞ்சு கிலோ பச்சை மீன் வேணும். தூள் கோழித் தீவனமாவும் இறால் பண்ணைத் தீவனமாவும் போவுது.

ஏப்ரல் 15ல இருந்து ரெண்டு மாசம் தாய் மீனை முட்டை விட விடுதோம். முட்டை பொரிஞ்சு வந்த குஞ்சை ஜூன் மாசமே அள்ளி லாரியில போடுதோம். அப்போ அந்த ரெண்டு மாசம் படகைக் கட்டிப் போட்டுக் குடும்பம் பட்ட கஷ்டத்தோட பலன் யாருக்குப் போச்சு?

என் கருத்தை முதல்லயே சொல்லிடுதேன். தடைக்காலம் வேண்டாம்னு நான் சொல்லல, கட்டாயம் வேணும். 2001ல 45 நாளா ஆரம்பிச்சு, 2017ல 61 நாளா ஆக்குனாங்க. அது நாளைத்தான் கட்டுப்படுத்துது. வலைக்கண்ணையும், குஞ்சு மீனை வாங்குற யாவாரத்தையும் கட்டுப்படுத்தாத வரைக்கும் இன்னும் முப்பது நாள் கூட்டினாலும் லாரிதான் நிறையும்.

ஒரு வேண்டுகோள். வள்ளத்துக்காரன் (நாட்டுப்படகுக்காரன்) நல்லவன், விசைப்படகுக்காரன் கெட்டவன்னு பேசி இழையை முடிச்சிராதீங்க. நான் வள்ளத்து வீட்டுப் பிள்ளைதான். எங்க வலையையும் சேர்த்தே பேசுவோம்.


தூத்துக்குடி விசைப்படகு எழுதியது:

தம்பி, நல்ல எண்ணத்துல கேக்கீங்க, நானும் மறைக்காமச் சொல்லுதேன். காலை 5 மணிக்குப் போயி ராத்திரி 9 மணிக்குள்ள கரை பிடிக்கணும்னு விதி. போக வர ஓட்டம் கழிச்சா மடி (இழுவை வலை) இழுக்கக் கிடைக்கிற நேரம் கொஞ்சம். இறாலும் கணவாயும் விழுந்தா லாபம். விழாத அன்னைக்குக் கழசல், அதாவது ஆலைக்குப் போற சின்ன மீன், வித்த காசுலதான் டீசல் கணக்கு நேராகும். வங்கித் தவணை இறால் வருதா வரலையான்னு பாக்காது.

மடிக்கண்ணைப் பெருசாக்குன்னு சொல்லுதது லேசு. நான் மட்டும் பெருசாக்கினா என் மடியில இருந்து தப்புறதைப் பின்னால வார படகு அள்ளிட்டுப் போவும். எல்லாரும் ஒரே நாள்ல மாத்தணும். அதுக்கு அரசாங்கம்தான் முன்ன நிக்கணும்.

இன்னொண்ணு. தடைக்காலத்துல நாங்க கட்டிப் போட்டிருக்கோம், குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். அதே ரெண்டு மாசம் வள்ளம் எல்லாம் தொழிலுக்குப் போவுது. சினைமீனோட வருது. அதையும் பேசணும்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதுக்கு நன்றி.


மீன்வளப் படிப்பாளி எழுதியது:

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் பின்னணி சொன்னால் பேச்சு தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

இழுவைமடி நம் கரையில் பிறந்த தொழில் அல்ல. 1952ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளத்தின் நீண்டகரை பகுதியில் இயந்திரப் படகுகளைக் கொண்டு வந்தது. வெளிநாட்டில் இறாலுக்குக் கிடைத்த விலை அந்தப் படகுகளை இறால் மடி இழுக்கும் படகுகளாக மாற்றிவிட்டது. அரசு மானியத்தோடு அதே படகு தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1970களில் ஊருக்கு ஊர் மோதல், படகு எரிப்பு, உயிர்ப்பலி. அதன் பிறகுதான் 1983ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று அந்தச் சட்டம் ஒதுக்கியது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை.

மடி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: படகின் பின்னால் இரண்டு கனமான பலகைகள் தண்ணீரில் விரிந்து மடியின் வாயைத் திறந்து வைக்கின்றன. மடியின் அடிக்கயிற்றில் சங்கிலியோ ஈயமோ கட்டியிருக்கும். அது தரையை உரசிக்கொண்டே போகும். இறால் சேற்றில் பதுங்கும் உயிர், அதைக் கிளப்ப இந்த உரசல் வேண்டும். ஆனால் அதே உரசலில் கடல்புல் பிடுங்கப்படுகிறது, சிப்பி நொறுங்குகிறது, பாறையில் ஒட்டியிருக்கும் பஞ்சுயிர்களும் விசிறிப் பவளமும் பெயர்ந்து வருகின்றன. கிளம்பும் சேறு சுற்றியுள்ள பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுத் திணற வைக்கிறது. குஞ்சு மீன் ஒளிந்து வளரும் இடமே போய்விடுகிறது. மீனைப் பிடிப்பதைவிட இது பெரிய சேதம் என்பது என் எண்ணம். பிடித்த மீன் மறு வருடம் பிறக்கலாம், பெயர்ந்த பவளம் அந்த அளவு வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

வலைக்கண்ணைப் பற்றி: மடியின் கடைசிப் பையில் கண்கள் சாய்சதுரமாக இருந்தால், இழுக்கும்போது கண் நீண்டு ஒடுங்கி மூடிக்கொள்ளும். அளவுகோல் வைத்துக் கரையில் அளந்தால் சரியாக இருக்கும், கடலுக்குள் குஞ்சு தப்ப வழியிராது. அதே கண்ணைச் சதுரமாகத் திருப்பிக் கட்டினால் இழுவையிலும் திறந்தே இருக்கும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. மாற்ற வேண்டியது பையை மட்டும்தான், முழு மடியை அல்ல.


இடிந்தகரை சிங்கி எழுதியது:

அப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு பண்ணுதேன். அவிய கட்டுமரத்துல ஆரம்பிச்சு, வள்ளம், பொறவு பைபர்னு எல்லாத்துலயும் போனவிய.

"எங்க கரை தூத்துக்குடி கரை மாதிரி சேத்துத் தரை இல்ல. பார் கரை, கடலுக்கடியில பாறை. கூட்டப்புளியில இருந்து உவரி வரைக்கும் பாரும் கல்லுமா இருக்கும். மடி இழுக்கிறவன் பாரைக் கண்டா விலகிப் போவான், மடி கிழியும்ல. அதனாலதான் இவ்வளவு நாள் சிங்கி இறால் பிழைச்சுது. சிங்கி பகல்ல பார் பொந்துக்குள்ள கிடக்கும், ராத்திரி வெளிய மேயும். அந்தியில வலை வச்சிட்டு வந்து விடியக்காலம் எடுப்போம்.

இப்போ என்ன நடக்குன்னா, ராத்திரி விளக்கை அணைச்சிட்டுக் கரையை ஒட்டி வந்து இழுக்கிற படகு உண்டு. பார்களுக்கு ஊடால இருக்கிற மணலைப் பாத்து இழுக்கான். நாங்க வச்ச வலை அவன் பலகையில மாட்டிப் போயிரும். ஒரு வலை போச்சுன்னா அந்த மாசம் போச்சு. எந்தப் படகுன்னு இருட்டுல தெரியாது, யாரு மேலயும் பழி சொல்ல நான் வரல.

ஆனா எங்க பக்கமும் ஒண்ணு இருக்கு. முன்ன பருத்தி நூல் வலை. அது கடல்ல தொலைஞ்சா கொஞ்ச நாள்ல இத்துப்போவும். இப்போ தங்கூசி, நைலான் நரம்பு வலை. பார்ல மாட்டி அறுந்துட்டுன்னா அங்கனயே கிடந்து மீனைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். செத்த மீனைத் தின்ன நண்டு வரும், நண்டு மாட்டும், அதைத் தின்னக் கலவா வரும். எடுக்க ஆளில்லாம வருசக்கணக்கா நடக்கும். மூழ்கி அறுத்து எடுக்கத் தெரிஞ்ச பயலுவ நம்ம ஊர்லயே உண்டு. யாரும் அவங்களுக்குக் கூலி கொடுக்க முன்வரல."


மகாராஜநகர் அக்கா எழுதியது:

நான் தொழில் தெரிஞ்சவ இல்ல, மீன் வாங்குறவ. பாளையங்கோட்டை மார்க்கெட்ல முன்ன சாளை கூறு போட்டு விப்பாங்க, வாரத்துல ரெண்டு நாள் வாங்கினாலும் பர்ஸ் தாங்கும். இப்போ சாளை வாரதே குறைவு, வந்தாலும் விலை கேட்டா நெத்திலிப் பக்கம் ஒதுங்க வேண்டியிருக்கு. எங்க தெருவுக்குத் தலைச்சுமையா கொண்டு வந்த அம்மா உவரிப் பக்கத்து ஆளு, வண்டிக்காரங்களோட ஏலத்துல போட்டி போட முடியலன்னு நின்னுட்டாங்க. நீங்க மீனைப் பத்திப் பேசுறீங்க, அந்த அம்மாவையும் கணக்குல சேருங்க. சின்ன மீன்தான் அவங்க பிழைப்பு. அது மொத்தமா லாரிக்குப் போச்சுன்னா ஒரு கூடைக்காரிக்கு மிஞ்ச என்ன இருக்கு?


கூடுதாழை எழுதியது:

அக்கா, நீங்க சொன்னது இந்த இழையில வந்த முக்கியமான கேள்வி. சாளையும் நெத்திலியும் காரலும் ஏழைக்கான மீன். ஏலக்கரையில ஆலைக்கு வாங்குறவர் டன் கணக்குல ஒரே விலை சொல்லி எடுத்திருவார். கூடைக்காரி பத்துக் கிலோ கேட்டா பிரிச்சுக் கொடுக்க ஏலக்காரருக்கு நேரமில்ல. எங்க அம்மாச்சி காலத்துல மிஞ்சின மீன் கருவாடாச்சு, அது எல்லாம் பொம்பளைங்க கையில நடந்த யாவாரம். கருவாடாகுற மீனும் இப்போ தூளாப் போவுது.

சாளை குறைஞ்சதுக்கு மடி மட்டும் காரணம் இல்லன்னும் படிச்சேன். படிப்பாளி அண்ணாச்சி கொஞ்சம் விளக்குவீங்களா?


மீன்வளப் படிப்பாளி எழுதியது:

சாளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேரளத்தில் 2012ல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் சாளை கரை சேர்ந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் வெறும் 3,297 டன். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கத்தை வலை மட்டும் உண்டாக்காது. எல் நினோ வருடங்களில் கடல் சூடாகி, அடித்தண்ணீர் மேலெழுவது மாறி, சாளையின் தீனியே குறைகிறது. சாளை ஒரு வருடத்துக்குள் சினைக்கு வரும், இரண்டு மூன்று வருடமே வாழும் மீன். நல்ல வருடம் வந்தால் சட்டென்று பெருகும்.

ஆனால் இதைச் சாக்காக வைத்து வலையை விட்டுவிடக்கூடாது. கடல் மோசமாக இருக்கும் வருடத்தில் மிச்சமிருக்கும் குஞ்சையும் அள்ளினால், நல்ல வருடம் வரும்போது முட்டையிடத் தாய் இருக்காது.

கலவா வேறு கதை. கலவா முதலில் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பிறகுதான் ஆணாக மாறும். பெரிய கலவாவுக்கு ஏற்றுமதி விலை அதிகம் என்பதால் பெரியதையே தேடித் தூண்டிலும் வலையும் போகின்றன. ஆண் மீனை மட்டும் பொறுக்கி எடுப்பதற்குச் சமம் அது. இங்கே 61 நாள் தடை ஒன்றும் செய்யாது. மன்னார் வளைகுடாவின் கிளிமீனும் அப்படித்தான். பவளத்தின் மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று பவளத்தைக் காப்பாற்றும் மீன் அது. பவளம் ஏற்கெனவே 2010லும் 2016லும் சூட்டில் வெளுத்து அடி வாங்கியிருக்கிறது, அதன் துப்புரவாளரையும் கூடு வைத்துப் பிடித்துவிட்டால் மீள்வது கடினம்.


வல்லநாடு எழுதியது:

எல்லாரும் வலையைப் பத்தியே பேசுறீங்க, கூடங்குளம் அணுமின் நிலையத்துச் சுடுதண்ணியைப் பத்தி ஏன் யாரும் பேசல?


இடிந்தகரை சிங்கி எழுதியது:

பேசாம இல்ல. எங்க ஊரே வருசக்கணக்கா அதைத்தான் பேசிச்சு, உலகமே பாத்துச்சு. அது ஒரு தனி இழை அளவுக்கு உண்டு. இங்க அதைக் கொண்டு வந்தா வலைப் பேச்சு நின்னுரும். "அணுஉலையை எதிர்த்து நின்ன ஊருக்கு வலைக்கண் விசயத்துலயும் நெஞ்சுரம் வேணும்"னு அப்பா சொல்லுதாவ.


தருவைகுளத்தான் எழுதியது:

எங்க ஊரையும் கணக்குல எடுங்க. தருவைகுளத்துல விசைப்படகு நிறைய இருக்கு, ஆனா தொழில் இழுவைமடி இல்ல. வழிவலையும் தூண்டிலும். நாள்கணக்குல ஆழத்துல தங்கி சூரை, பாறை, சீலா, தளப்பத்து கொண்டு வருவோம். வழிவலை தண்ணிக்கு நடுவுல திரை மாதிரி மிதக்கும், தரையைத் தொடாது. கண் அளவு பெருசு, அதைவிடச் சின்ன மீன் ஊடால போயிரும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரங்க ஆயிரங்கால் தூண்டில்ல சுறாவும் சூரையும் பிடிக்க அரபிக்கடல் முழுக்கப் போறாங்க. விசைப்படகுன்னாலே மடி இழுத்துத்தான் ஆகணும்னு இல்லங்கிறதுக்கு இந்த ரெண்டும் கண்ணு முன்ன இருக்கு.

ஆனா வழிவலையும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். ஓங்கல் (டால்பின்) மாட்டும், ஆமை மாட்டும். மூச்சு விட மேல வர முடியாமச் செத்துப்போவும். வலையில உயிரோட இருந்தா அறுத்து விடுதோம், வலை போனாலும் பரவாயில்லன்னு. எல்லாப் படகும் அப்படிச் செய்யுதுன்னு சொல்ல முடியாது.


தூத்துக்குடி விசைப்படகு எழுதியது:

தருவைகுளம் அண்ணாச்சி சொல்லுதது உண்மை. ஆனா மடிப்படகை வழிவலைப் படகா மாத்த விஞ்ச், வலை, ஐஸ் பெட்டி, தங்குற வசதி எல்லாம் புதுசா வேணும். தெரிஞ்ச ஆளும் வேணும். மடி இழுக்கப் பழகின பையன் மறுநாளே தூண்டில்காரன் ஆயிர மாட்டான். பாக் நீரிணைப் பக்கம் மடியை விட்டுட்டு ஆழ்கடலுக்கு மாறச் சொல்லி அரசு 2017ல திட்டம் கொண்டு வந்துச்சு, எதிர்பார்த்த அளவு ஆளு சேரல. கடன் சுமைதான் காரணம்.

ஆமை பத்தி: மடியில ஆமை விலக்கி வைக்காததால சில வருசமா அமெரிக்கா நம்ம கடல் இறாலை வாங்குறதில்ல. அந்த நஷ்டம் எங்க தலையிலதான் விழுந்துச்சு. கம்பி வளையம் வச்சா ஆமை வெளிய போயிரும், கூடவே இறாலும் போயிரும்னு எங்க ஆளுங்க பயப்படுதாங்க. 2025 ஜனவரியில சென்னைக் கரையில அத்தனை ஆமை செத்து ஒதுங்கினதைப் பாத்த பொறவு எனக்கு அந்தப் பேச்சுல உடன்பாடு இல்ல.


மணப்பாடு எழுதியது:

கரைமடி பத்தி யாரும் சொல்லலையே. எங்க தாத்தா கரைமடிக்காரர். ஊரே சேர்ந்து ரெண்டு கயிறையும் இழுத்தாத்தான் மடி கரையேறும், இழுத்தவங்களுக்கெல்லாம் பங்கு. எண்ணெய் செலவு இல்ல, பார் பக்கம் போகாது. இப்போ கடலரிப்புக்குக் கல் கொட்டி, தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டுற கல் தடுப்பு) கட்டி, மடி இழுக்க மணலே இல்லாமப் போச்சு பல ஊர்ல. தூண்டில் வளைவு வேண்டாம்னு சொல்லல, வீடு போற ஊருக்கு அதுதான் காப்பு. இதுல ஒரு தொழில் அடிபட்டுப் போச்சுன்னு பதிவாவணும்.


மீன்வளப் படிப்பாளி எழுதியது:

கரைமடி மீது எனக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரையோர ஆழமற்ற தண்ணீர்தான் பெரும்பாலான குஞ்சு மீனின் தொட்டில். கரைமடியின் பையில் கண் மிகச் சிறியது, சில இடங்களில் கொசுவலைத் துணியே கட்டுகிறார்கள். சீசனில் சாளையும் நெத்திலியும் வரும்போது அது நல்ல தொழில். சீசன் இல்லாத நாளில் விழுவதில் பெரும்பகுதி குஞ்சுதான்.

பழைய தொழில் என்பதால் கேடில்லை என்றோ, இயந்திரம் என்பதால் கேடு என்றோ முடிவுகட்ட முடியாது. தரையைத் தொடுகிறதா, கண் என்ன அளவு, எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், வேண்டாதது விழுந்தால் உயிரோடு விட முடிகிறதா. இவற்றை வைத்துத்தான் ஒரு தொழிலை எடைபோட முடியும்.


உவரி இளைஞர் எழுதியது:

சுருக்குமடிக்கு வாங்க, மீன் கூட்டத்தையே சுத்தி வளைக்கிற பெரிய வலை. 2000லேயே தமிழ்நாட்டுல தடை. 2023 ஜனவரியில உச்சநீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8ல இருந்து மாலை 6 வரைக்கும் போகலாம்னு இடைக்கால உத்தரவு கொடுத்துச்சு. சூரைக்கூட்டமும் அயிலைக்கூட்டமும் ஒரே வளைப்புல போயிருதே, எங்க வழிவலைக்கு என்ன மிஞ்சும்? காலை 8 மணிக்கு 12 மைலுக்கு அப்பால நிக்கணும்னா எப்போ கிளம்பணும், வழியில வளைக்க மாட்டாங்கன்னு யாரு பாக்கிறது?


தருவைகுளத்தான் எழுதியது:

சுருக்குமடி தரையைத் தொடாது, ஒரே வகை மீன் கூட்டத்தைத்தான் வளைக்கும், அந்த வகையில இழுவைமடியைவிடச் சேதம் குறைவுதான். சிக்கல் அளவுதான். கூட்டம் மொத்தத்தையும் அடியில சுருக்குக் கயிறு இழுத்து மூடிட்டா தாயும் குஞ்சும் ஒண்ணாப் போயிரும். கூட எல்.இ.டி. விளக்கு போட்டு மீனைக் கூட்டுனா இன்னும் மோசம். விளக்கு போட்டுப் பிடிக்கிறதை மத்திய அரசு 2017லேயே தடை செஞ்சாச்சு. ராத்திரி கடல்ல நிக்கிறவனுக்கு அடிவானத்துல வெள்ளையா எரியறது தெரியத்தான் செய்யுது.


கூடுதாழை எழுதியது:

இவ்வளவு பேசினதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. சட்டம் இருக்கு. 3 மைல் இருக்கு, 61 நாள் இருக்கு, சுருக்குமடித் தடை இருக்கு, 240 குதிரைத்திறனுக்கு மேல இன்ஜின் கூடாதுன்னு இருக்கு. ஒவ்வொரு தரமும் நாம மனு கொடுக்கிறது "அவனைத் தடு"ன்னு. நம்ம வலையைக் கட்டுப்படுத்த நம்ம ஊர் போட்ட தீர்மானம் எத்தனை? நம்ம கையில கட்டுப்பாடு இருக்குன்னு காட்டினாத்தான் 3 மைலுக்குள்ள வார படகுக்கிட்ட நேரா நின்னு பேச முடியும். சுனாமிக்குப் பொறவு நிவாரணமா வந்த பைபர் படகால நம்ம கரையிலயே தொழிலுக்குப் போற படகு எவ்வளவு கூடிச்சுன்னு யோசிங்க. கடல் அதே கடல்தான்.

சிங்கியில இருந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கேன். காரணம், அது நம்ம பார்ல இருக்கு, நம்ம வள்ளம்தான் பிடிக்குது, விலையும் நல்ல விலை. விசைப்படகு பேர் சொல்லித் தப்ப முடியாது. 2003ல மத்திய வணிக அமைச்சகம் நம்ம பார்ச் சிங்கிக்கு ஏற்றுமதிக்குக் குறைஞ்சபட்சம் 200 கிராம்னு வச்சாங்க, மணிச்சிங்கிக்கு 500 கிராம். ஏற்றுமதிக்குத்தான் அந்த விதி, பிடிக்கிறதுக்கு இல்ல. அதனால 100, 150 கிராம் சிங்கியும் கரைக்கு வருது, உள்ளூர்ல ஓட்டலுக்குப் போவுது. முட்டைச் சிங்கியோட முட்டையைப் பிரஷ்ஷால உதுத்து விக்கிறதும் நடக்கு. வயித்துல ஆரஞ்சு நிறத்துல அத்தனை ஆயிரம் முட்டை. பாத்தவங்களுக்குத் தெரியும், மனசு கேக்காது.


உவரி இளைஞர் எழுதியது:

நல்ல யோசனை. ஆனா ஒரு சந்தேகம். சிங்கிக் குஞ்சு கண்ணாடி மாதிரி மிதந்து மாசக்கணக்கா நீவாட்டுல (கடல் நீரோட்டத்துல) போவும்னு கேள்விப்பட்டேன். அப்போ நாம விட்ட முட்டையோட குஞ்சு இலங்கையிலயோ கேரளத்துலயோ போய் ஒட்டும். நம்ம ஆளுங்க விட்டு வேற யாரோ பிடிக்கவா?


மீன்வளப் படிப்பாளி எழுதியது:

சரியான கேள்வி. குஞ்சு நீண்ட காலம் மிதப்பது உண்மை. அதனால் இங்கே விட்டது இங்கேயே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் அது இரண்டு பக்கமும் வெட்டும். நம் பாருக்கு வரும் குஞ்சும் வேறு ஊர்த் தாயிடமிருந்து வந்திருக்கலாம், அந்த ஊரும் இதே கேள்வி கேட்டால் எவருக்கும் எதுவும் மிஞ்சாது. மும்பைக் கரையில் மடியில் விழுந்த மணல் சிங்கியை முட்டையோடு பிடித்துப் பிடித்தே 1994ல் அந்தத் தொழில் அடியோடு நின்றது. பல வருடம் கழித்தும் பழைய நிலைக்கு வரவில்லை.

இன்னொரு பலன் கண்ணுக்கு நேராகத் தெரியும். முட்டைக் கணக்கை விடுங்கள், 100 கிராம் சிங்கியைத் திரும்ப விட்டால் அது அதே பாரில்தான் வளரும். வளர்ந்த சிங்கி அதிகம் நகராது. 200 கிராமைத் தாண்டிய பிறகு பிடித்தால் எடையும் இரட்டிப்பு, கிலோ விலையும் கூடுதல். அந்த லாபம் விட்ட ஊருக்குத்தான்.


இடிந்தகரை சிங்கி எழுதியது:

அப்பா கேக்காவ: "வலையில மாட்டின சிங்கியை எடுக்கும்போது கால் ஒடியும், மீசை ஒடியும். அதை விட்டா பிழைக்குமா?"


மீன்வளப் படிப்பாளி எழுதியது:

கால் ஒடிந்தது தோல் உரிக்கும்போது மறுபடி முளைக்கும், வளர்ச்சி கொஞ்சம் தாமதப்படும். ஓடு உடைந்தால் பிழைப்பது சிரமம். வெயிலில் போட்டு வைக்காமல், வலை எடுக்கும் இடத்திலேயே உடனே விட வேண்டும். கரைக்குக் கொண்டு வந்து தரம் பிரித்துவிட்டு மணலோரத்தில் விட்டால் பாருக்குப் போய்ச் சேருவதற்குள் வேறு மீன் தின்றுவிடும். தங்கூசியில் சிக்கினால் எடுப்பதற்குள் கால் போய்விடும், கொஞ்சம் தடித்த நூல் வலையில் சேதம் குறைவு. கூடு வைத்துப் பிடித்தால் சேதமே இல்லை, ஆனால் கூட்டுக்கு முதல் செலவு வேண்டும், பாரில் அலை அடித்தால் கூடு உருளும்.


தூத்துக்குடி விசைப்படகு எழுதியது:

நீங்க சிங்கிக்குத் தீர்மானம் போடுங்க. போட்ட நகலை எனக்கு அனுப்புங்க தம்பி. எங்க சங்கத்துல சதுரக்கண் பையைப் பத்திப் பேச எனக்கு ஒரு பிடி வேணும். வள்ளத்துக்காரங்க தங்களையே கட்டுப்படுத்துறாங்கன்னு காட்டினா கூட்டத்துல வாய் திறக்க முடியும். ஒரு வருசம் பையை மாத்தி இழுத்துப் பாக்க நாலஞ்சு படகு ஒத்துக்கிட்டா, கழசல் எவ்வளவு குறையுது, இறால் எவ்வளவு தப்புதுன்னு அளந்து எழுதலாம். டீசல் மிச்சமாகவும் வாய்ப்பு இருக்கு, பை லேசானா இழுவை குறையும்.


மகாராஜநகர் அக்கா எழுதியது:

வாங்குறவங்க பக்கம் நாங்க என்ன செய்யணும்னு யாராவது சொல்லுங்க. வீட்டுப் பக்கத்துல பத்துப் பேர் சேர்ந்திருக்கோம்.


கூடுதாழை எழுதியது:

அக்கா, மூணு விசயம். சினைச் சிங்கி, சின்னச் சிங்கி ஓட்டல்ல தட்டுல வந்தா வேண்டாம்னு சொல்லுங்க. விரல் நீள விளமீனும் கலவாக் குஞ்சும் மலிவா வந்தா வாங்காதீங்க, அதுக்குப் பதிலா வளர்ந்த சாளை, நெத்திலி, சூரை கேட்டு வாங்குங்க. சூரை இங்க நல்லாக் கிடைக்குது, கருப்பா இருக்குன்னு நம்ம ஆளுங்க ஒதுக்குறாங்க, குழம்புக்கு அருமையா இருக்கும். அப்பொறம் முடிஞ்ச வரைக்கும் கூடைக்காரம்மாக்கிட்ட வாங்குங்க, எந்த ஊர், என்ன வலைன்னு கேளுங்க. கேக்கக் கேக்கத்தான் ஏலக்கரைக்கு அந்தக் கேள்வி போவும்.

தீர்மானத்துக்கு நான் எழுதி வச்சது இவ்வளவுதான்: 200 கிராமுக்குக் கீழ சிங்கி கரைக்கு வரக்கூடாது. முட்டைச் சிங்கி எந்த எடையானாலும் வலை எடுக்கிற இடத்துலயே விடணும். மீறினா அந்தச் சிங்கி ஏலத்துல சேராது. அறுந்த வலை எந்தப் பார்ல கிடக்குன்னு கமிட்டிக்குச் சொல்லணும், மூழ்கி எடுக்கிறவருக்கு ஏலக் கழிவுல இருந்து கூலி. கூத்தங்குழி, பெருமணல் எல்லா ஊரும் சேராம ஒரு ஊர் மட்டும் போட்டா நிக்காது, அதனால பக்கத்து ஊர்க் கமிட்டிகளையும் ஒண்ணாக் கூப்பிடுதோம்.


இடிந்தகரை சிங்கி எழுதியது:

ஒரு திருத்தம், அப்பா சொன்னது. தராசு யாருகிட்ட இருக்கும்னு தீர்மானத்துலயே எழுதுங்க. யாவாரிகிட்ட இருந்தா 180ம் 200 ஆயிரும், வள்ளத்துக்காரன்கிட்ட இருந்தாலும் அதே கதை. சங்கத்துப் பொம்பளைங்ககிட்ட இருக்கட்டும். அவங்கதான் விடியக்காலம் அத்தனை வள்ளத்துக்கும் முன்ன கரையில நிக்காங்க.


கூடுதாழை எழுதியது:

சேர்த்துட்டேன். அவங்ககிட்ட நாளைக்கே கேக்கேன். கூட்டம் எப்போன்னு முடிவானதும் இங்க எழுதுதேன், விசைப்படகு அண்ணாச்சிக்கு நகல் தனியா வரும்.